கேளுங்கள், சொல்கிறோம்: போர்க்கப்பல்

ஐ.என்.எஸ். சென்னை 2010-இல் நீரில் இறங்கியது. 2016-இல்தான் கடற்படையில் சேர்ந்தது. இடையில் என்ன வேலை?
– வாசகர், வள்ளியூர்

இறக்கும்போது மிதப்பது பெரும்பாலும் வெறும் கூடுதான். துறையில் கயிற்றால் கட்டி நிறுத்தியே குழாய், ரேடார், ஏவுகணைக் குழல்களைப் பொருத்துவார்கள். பொறுமையைச் சோதிப்பது கேபிள் வேலை. நீர்புகாத் தடுப்புச் சுவரைக் கேபிள் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்தையும் இறுக அடைத்துச் சோதிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஒரு அறையில் புகுந்த தண்ணீர் அடுத்த அறைக்கும் பாயும். பிறகு துறைமுகச் சோதனை, கடல் சோதனை. அவசரப்படுத்தவே கூடாத கட்டம் இது.

கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகள் எதற்கு?
– வாசகர், திசையன்விளை

வெண்கல உந்துவிசிறி, எஃகு உடல், உப்புநீர் மூன்றும் சேர்ந்தால் மின்கலம்போல் ஆகி, எஃகு அரிபடும். துத்தநாகம் முந்திக் கரைந்து அதைக் காக்கும். துத்தநாகத்தின்மேல் பெயிண்ட் பூசினால் பலனில்லை. நீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு அது.

விஜயநாராயணத்து ஐ.என்.எஸ். கட்டபொம்மனும் கப்பலா?
– வாசகர், நாங்குநேரி

இல்லை, நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கரைநிலையம்.