கைவிடப்பட்ட பேக்கேஜின் பெயரைக் கேட்டு வாங்க முடியுமா?

கேள்வி இதுதான்: பைத்தான் நிரல்மொழிக்கான பேக்கேஜ்களை, அதாவது மற்றவர்கள் இறக்கிப் பயன்படுத்த வெளியிடப்படும் நிரல்களை, வைத்திருக்கும் பைபிஐ தளத்தில் ஒரு பேக்கேஜ் ஐந்து வருடமாக அப்டேட் இல்லாமல் கிடக்கிறது, உரிமையாளர் பதில் போடுவதில்லை, அந்தப் பெயர் எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கலாம். பெயரை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய நிரலையே சரிசெய்து தொடரப் போகிறீர்கள் என்றால் வழி இருக்கிறது. சம்பந்தமே இல்லாத புது நிரலை அந்தப் பெயரில் வெளியிட ஆசை என்றால், இப்போதே வேறு பெயர் யோசியுங்கள் என்பேன்.

பைபிஐயில் இதற்கென்றே பெப் 541 என்ற விதிமுறை இருக்கிறது, 2018இல் ஏற்கப்பட்டது. ஒரு பேக்கேஜைக் கைவிடப்பட்டதாகக் கொள்ள மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: உரிமையாளரைப் பிடிக்க முடியவில்லை, கடந்த 12 மாதத்தில் புது வெளியீடு இல்லை, முகப்புப் பக்கத்திலும் அவர் நடமாட்டம் இல்லை. நிர்வாகிகள் தங்கள் பங்குக்கு ஆறு வாரத்துக்குள் மூன்று முறையாவது அவருக்கு எழுதிப் பார்ப்பார்கள். நீங்கள் அவரைத் தொடர்புகொள்ள முயன்றதையும், உங்கள் ஃபோர்க்கில் (பழைய நிரலைப் பிரதியெடுத்து நீங்கள் தனியாக வளர்க்கும் பதிப்பு) செய்த திருத்தங்களையும், வேறு பெயரில் வெளியிட்டால் ஏன் சரிவராது என்பதையும் காட்ட வேண்டும். புது நிரலுக்காகக் கேட்டால் இன்னும் கடினம்: உங்கள் திட்டம் ஏற்கெனவே ஓரளவு அறியப்பட்டதாக இருக்க வேண்டும், பழையதை யாரும் பயன்படுத்துவதில்லை என்று பதிவிறக்கக் கணக்கும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெயர் முன்பின் தெரியாத ஒருவருடைய ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில், அதாவது அவருடைய நிரலுக்குத் தேவையான பேக்கேஜ்களின் பட்டியலில், ஒரு வரியாக இருக்கிறது. பெயர் கைமாறிய மறுநாள் அவர் வழக்கம்போல பேக்கேஜ்களை இறக்கும் பிப் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால், புது ஆள் எழுதிய நிரல் அவருடைய சர்வரில் ஓடும். 2022 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். சிடிஎக்ஸ் என்ற சின்ன பேக்கேஜ் 2014க்குப் பிறகு தொடப்படவே இல்லை. அதன் உரிமையாளருடைய மின்னஞ்சல் டொமைன் காலாவதியாகிவிட்டது. ஒருவர் அந்த டொமைனை வாங்கி, அந்த மின்னஞ்சல் வழியாகவே பைபிஐ பாஸ்வேர்டை மாற்றி, கணினியின் என்விரான்மென்ட் வேரியபிள்களை (ரகசியச் சாவிகளும் இருக்கக்கூடிய அமைப்பு மதிப்புகள்) திருடி அனுப்பும் வெளியீடுகளைப் போட்டுவிட்டார். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான களஞ்சியமான என்பிஎம்மில் 2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜ் விஷயத்தில் கணக்கைத் திருடவே தேவைப்படவில்லை. உதவுகிறேன் என்று வந்தவரிடம் உரிமையாளரே பொறுப்பைக் கொடுத்தார். வந்தவர் சேர்த்த டிபென்டன்சி (கூடவே இறங்கும் துணைப் பேக்கேஜ்) ஒரு பிட்காயின் வாலெட்டைக் குறிவைத்தது. ஆகவே நிர்வாகிகள் சந்தேகத்தோடு பார்ப்பதை நான் தவறாகச் சொல்ல மாட்டேன்.

நான் மறுபக்கத்திலும் இருந்திருக்கிறேன். லாக் ஃபைல்களைப் படிக்கும் சின்ன லைப்ரரி ஒன்றை வெளியிட்டுவிட்டு, வேலை மாறியதும் அந்தப் பக்கமே போகவில்லை. அதில் கொடுத்திருந்தது பழைய அலுவலக முகவரி, அது முடக்கப்பட்டுவிட்டது. எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் காற்றோடு போயின. கடைசியில் ஒருவர் என்னுடைய வேறொரு ரெப்போவில் (நிரல் வைத்திருக்கும் பொதுப் பக்கம்) இஷ்யூ, அதாவது புகார்ப் பதிவு, திறந்திருந்தார். "இந்த லைப்ரரியை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். புது பைத்தானில் மூன்று இடத்தில் உடைகிறது, திருத்தங்கள் இந்த பிராஞ்சில் (தனிக் கிளைப் பிரதி) இருக்கின்றன. நீங்களே வெளியிட்டாலும் சரி, என்னைச் சேர்த்தாலும் சரி." நான் அதைப் பார்த்ததே நான்கு மாதம் கழித்து. அன்று மாலையே அவரைச் சேர்த்தேன். அதற்கு முன் இன்னொருவர், "செத்துப்போன பிராஜெக்ட்தானே, பெயரை விடுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். கொடுக்க மனம் வரவில்லை. பெயரை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

அதனால் முதலில் ஆளைத் தேடுங்கள். பேக்கேஜில் உள்ள முகவரி, கமிட்டுகளில் (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவுகள்) உள்ள முகவரி, அவருடைய மற்ற ரெப்போக்கள், கூட வேலை செய்தவர்கள், எல்லா இடத்திலும் கேளுங்கள். எழுதிய தேதிகளைக் குறித்து வையுங்கள், பின்னால் அதுதான் உங்கள் சான்று. பெயரைக் கேட்காதீர்கள், கூட்டுப் பொறுப்பைக் கேளுங்கள். அப்புறம், நச்சரிக்காதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு உடல்நிலை சரியில்லாமல் இருக்கலாம், வீட்டில் துக்கம் இருக்கலாம்.

மற்ற களஞ்சியங்களில் நடைமுறை வேறு. ரஸ்ட் நிரல்மொழியின் கிரேட்ஸ் களஞ்சியத்தில் முதலில் வந்தவருக்கே பெயர். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சால்வேஜ் என்றொரு முறை உண்டு: பொறுப்பேற்கும் எண்ணத்தை அறிவித்துவிட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும், ஆட்சேபம் வந்தால் நிறுத்த வேண்டும். அறிவிப்பு எல்லார் கண்ணிலும் படுவதால் இது எனக்குப் பிடித்த முறை.

பெப் 541 விண்ணப்பம் போட்டாலும் வரிசையில் காத்திருக்க நேரிடும். அதுவரை ஃபோர்க்கை வேறு பெயரில் வெளியிட்டுவிடுங்கள். பைபிஐ பெயரும், நிரலில் அழைக்க எழுதும் இம்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பிஐஎல் என்ற படக் கையாளும் லைப்ரரி தேங்கிப்போனபோது, அதன் ஃபோர்க் பில்லோ என்ற பெயரில் வந்தது. இன்று எல்லாரும் இன்ஸ்டால் செய்வது பில்லோ, நிரலில் எழுதுவதோ இன்னமும் "ஃப்ரம் பிஐஎல் இம்போர்ட் இமேஜ்".