சிரிப்பா, கனைப்பா? ‘சார்ட்டில்’ பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

ஒரு ஆங்கிலக் கதையைத் தமிழாக்கும்போது ‘ஹீ சார்ட்டில்டு’ என்ற இரண்டே சொல்லில் எனக்கு அரை நாள் போனது. ‘சார்ட்டில்’ (chortle) என்றால் குதூகலத்தில் சத்தத்தோடு சிரிப்பது. அதைப் போன தடவை புலம்பியிருந்தேன். புலம்பலைத் தொட்டு வந்த கேள்விகள் இவை.

கல்லூரி மாணவி ஒருவர்: அக்கா, இதைக் ‘கோர்ட்டில்’ என்றுதானே படிக்கணும்? கோரஸில் வருகிற அதே எழுத்துகள்தானே முதலில் இருக்கு?

இல்லைம்மா. கோரஸ், கேரக்டர் எல்லாம் கிரேக்க வழியில் வந்தவை. அதனால்தான் அங்கே ‘க’ ஒலி. இது இங்கிலாந்திலேயே பிறந்த பிள்ளை. சாக்லேட்டை எப்படித் தொடங்குவீர்களோ அப்படித் தொடங்கி ‘ட்டில்’ என்று முடித்துவிடுங்கள்.

ஆங்கில ஆசிரியர் ஒருவர்: ஒரே ஆள் உட்கார்ந்து உண்டாக்கிய சொல் என்கிறார்களே, உண்மையா மேடம்?

உண்மைதான் சார். உண்டாக்கியவர் லூயிஸ் கரோல். சொந்தப் பெயர் சார்லஸ் லட்விஜ் டாட்சன். ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியார். ஆலிஸ் கதையின் இரண்டாம் புத்தகத்தில் ‘ஜாபர்வாக்கி’ என்று ஒரு பாட்டு வரும். புத்தகம் கடைக்கு வந்தது 1871 டிசம்பர் கடைசியில். உள்ளே அச்சான வருஷம் 1872. அதனால் அகராதிகளில் இரண்டு வருஷத்தையும் பார்ப்பீர்கள், குழம்ப வேண்டாம்.

பாட்டில் ஒரு பையன் வாளோடு போய்ப் பயங்கரமான ஒரு மிருகத்தை வெட்டி, தலையோடு திரும்பி வருகிறான். அப்பா அவனைக் கட்டிக்கொண்டு, ‘என்ன நாள், என்ன நாள்!’ என்கிற மாதிரி கூவி, சந்தோஷத்தில் ‘சார்ட்டில்’ செய்கிறார். இந்தச் சொல்லால் முதன்முதலில் சிரித்தவர், போன பிள்ளை உயிரோடு வந்துவிட்ட ஒரு தகப்பன். சத்தமும் நடுக்கமும் பெருமையும் கலந்த சிரிப்பு அது. வெறும் ‘சிரித்தார்’ என்று தமிழில் போட எனக்கு மனசு வராததும் அதனால்தான்.

அவரே மறுபடி: சக்கிளும் (தனக்குள் மெல்லச் சிரிப்பது) ஸ்நார்ட்டும் (மூக்கால் சத்தம் விடுவது) சேர்ந்தது என்று கரோலே சொல்லியிருக்கிறாரா?

கதைக்குள் சொல்லவில்லை. அங்கே ஹம்ப்டி டம்ப்டி என்ற முட்டை உருவப் பாத்திரம் பாட்டின் முதல் பத்திக்கு மட்டும்தான் உரை சொல்லும். நம் சொல் வருவது பின்னால். ஆனால் சூத்திரத்தை அந்தப் பாத்திரத்தின் வாயால் கரோலே கொடுத்துவிடுகிறார்: இரண்டு அர்த்தத்தை ஒரே சொல்லில் மடித்து வைப்பது. நடுவில் திறந்து இரு பாதியாக விரியும் பயணப்பெட்டிக்கு ‘போர்ட்மாண்டோ’ என்று பெயர்; அந்தப் பெயரையே இந்த மாதிரிச் சொற்களுக்கும் வைக்கிறார். அந்த வழியில்தான் சக்கிளும் ஸ்நார்ட்டும் என்று அகராதிக்காரர்கள் பிரித்தார்கள். காதில் விழும்போதே அது சரி என்று தெரிகிறது. பிரேக்ஃபாஸ்டும் லஞ்சும் சேர்ந்த பிரஞ்ச், ஸ்மோக்கும் ஃபாகும் சேர்ந்த ஸ்மாக் எல்லாம் அதே ஜாதிப் பெட்டிதான்.

வாசகர்: சக்கிள், கிகிள், சார்ட்டில்... எல்லாம் ‘ல்’லில் முடிவது தற்செயலா?

நல்ல காது உங்களுக்கு! தற்செயல் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வால் பல இடங்களில் ‘திரும்பத் திரும்ப, சின்னச் சின்னதாக’ என்பதைக் காட்டும். கிராக் ஒரு தடவை வெடிப்பது. கிராக்கிள் படபடவென்று பொரிவது. நாம் அதே வேலையைச் சொல்லை இரட்டித்துச் செய்கிறோம்: ‘டப்’ ஒரு தடவை, ‘டபடப’ பல தடவை. தமிழில் சத்தம் முன்னால் நிற்கும், வினை பின்னால் வரும்: களுக்கென்று சிரித்தாள், கலகலவென்று சிரித்தார்கள், குபீரென்று சிரித்தான். ஆங்கிலம் சத்தத்தை வினைக்கு உள்ளேயே போட்டு மூடிவிடும். மொழிபெயர்ப்பில் நம்மைப் படுத்துவது இதுதான்.

இன்னொன்று. ஸ்நார்ட், ஸ்நோர், ஸ்னிஃப் என்று மூக்குச் சங்கதிகள் ‘ஸ்ந’வில் தொடங்குவதைக் கவனியுங்கள். தும்மலுக்கான ஸ்னீஸ் பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ந’ என்று தொடங்கிய சொல். பிறகுதான் இந்தக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தது.

மொழிபெயர்ப்புக்குப் புதியவர்: கடைசியில் தமிழில் என்னதான் போட்டீர்கள் அக்கா?

முதலில் ‘மூக்கால் சிரித்தார்’ என்று எழுதினேன். புரூஃப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் ‘சளியா?’ என்று கேட்டிருந்தார். அடித்துவிட்டு ‘கனைத்துச் சிரித்தார்’ என்று மாற்றினேன். குதிரை வந்து நின்றது. கடைசியில் ‘கெக்கலித்தார்’. சத்தமும் இருக்கிறது, குதூகலமும் இருக்கிறது.

ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது தம்பி. அடுத்தவன் தோற்றதைப் பார்த்துக் குஷியில் சிரிப்பதற்கும் இன்றைய ஆங்கிலம் இதே சொல்லைப் போடுகிறது; அங்கே ‘கொக்கரித்தார்’தான் சரி. குழந்தை சிரித்தால் இரண்டும் வேண்டாம், ‘கெக்கெக்கென்று சிரித்தது’ போதும்.

ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்: மேனேஜருக்கு மெயிலில் ‘ஐ சார்ட்டில்டு அட் யுவர் ஐடியா’ என்று போடலாமா?

போடாதீர்கள். உங்கள் யோசனையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது என்றுதான் அவர் படிப்பார். நகைச்சுவைத் துணுக்கு அனுப்பியிருந்தால் சரி. யோசனை என்றால் வேறு வேலை தேட வேண்டிவரும்.

கதை எழுதும் வாசகி: கெக்கலியையும் கொக்கரிப்பையும் சேர்த்துக் ‘கெக்கரித்தான்’ என்று நானே ஒன்று செய்யலாமா?

எனக்குப் பிடித்திருக்கிறது. கதையில் ஒரே ஒரு இடத்தில், யாராவது ஜெயித்த கையோடு சிரிக்கும்போது போட்டுப் பாருங்கள். அச்சுப்பிழை என்று புரூஃப்காரர் திருத்தாமல் விட்டால் எனக்கும் சொல்லுங்கள், அடுத்த மொழிபெயர்ப்பில் கடன் வாங்கிக்கொள்கிறேன்.