தூங்கி எழுந்தபோது மணிக்கட்டு தொங்கினால்

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. பத்து நாட்களுக்கு முன் இரவுப் பேருந்தில், பக்கத்து இருக்கையின் சாய்மானத்தின் மேல் வலக்கையைப் போட்டபடி தூங்கிவிட்டார். விழித்தபோது மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. பரிசோதித்த மருத்துவர் 'நியூரப்ராக்சியா' என எழுதி, மூன்று வாரம் ஆன பிறகு நரம்புப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஏன் காத்திருக்க வேண்டும்? அறுவை சிகிச்சை தேவையா?

பதில்: மேற்கை எலும்பின் பின்புறத்தைச் சுற்றி வரும் ரேடியல் நரம்பு, அங்கே எலும்பை ஒட்டியே செல்வதால், சில மணி நேர அழுத்தத்திலேயே செயலிழக்கிறது. மேலைநாட்டில் குடித்துவிட்டுத் தூங்குவோரிடம் கண்டு 'சனி இரவு வாதம்' என்று பெயரிட்டார்கள். அதற்கு மது வேண்டியதில்லை, ஒரு பேருந்து இருக்கையே போதும் என்பதற்கு உங்கள் கணவரே சாட்சி.

அவரது மணிக்கட்டை உங்கள் கையால் தாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, விரலை இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும்போது வராத பிடி இப்போது ஓரளவு வரும்; பிடிக்கும் தசைகளுக்கு வேறு நரம்புகள் உண்டு, அவை நலமாகவே இருக்கின்றன. முழங்கையை நீட்டும் தசைக்கான கிளைகளும் பெரும்பாலும் அழுந்திய இடத்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால், அந்த அசைவும் கெடுவதில்லை. இருந்தாலும் திடீரெனக் கை செயலிழந்தால் பக்கவாதம் இல்லை என்று மருத்துவமனையில் உறுதிசெய்வதே முதல் வேலை. நீங்கள் அதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

நரம்புக் காயங்களை 1943-இல் பிரிட்டன் அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் மூன்றாகப் பிரித்தார். நியூரப்ராக்சியாவில் நரம்பிழை அறுவதில்லை. அதன் மேலுறையான மயலின் மட்டும் நசுங்குவதால் அந்த இடத்தில் சமிக்ஞை தடைபடுகிறது, உறை புதுப்பிக்கப்பட்டதும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் கை மீள்கிறது. ஆக்சனோட்மெசிஸில் இழை அறுந்தாலும் அதைச் சூழ்ந்த குழாய் எஞ்சுவதால், கொழுகொம்பைப் பற்றும் கொடிபோல் புதிய இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்கிறது. நியூரோட்மெசிஸில் நரம்பே முழுமையாக அறுந்துவிடுகிறது. தைத்து இணைத்தாக வேண்டும். 1951-இல் ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வாளர் சிட்னி சண்டர்லேண்ட் இதை ஐந்து படிகளாக விரித்தார். நடுவில் உள்ள வகையில் குழாய் எவ்வளவு சிதைந்தது என்பதே அவரது கூடுதல் கணக்கு.

காத்திருப்பதற்கான காரணமும் இதில்தான் உள்ளது. அறுந்த இழையின் கீழ்ப்பகுதி சில நாட்கள் மின்துடிப்பைக் கடத்திக்கொண்டே இருக்கும். தசையில் ஊசியிட்டுப் பார்க்கும் சோதனையில் சேத அடையாளம் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். முன்கூட்டியே சோதித்தால் லேசான காயமும் கடுமையான காயமும் ஒன்றுபோலவே தெரியும், பணம்தான் வீணாகும்.

அதுவரை மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் பட்டையை அணியட்டும். விரல் மூட்டுகள் இறுகாமலிருக்க, நாளுக்குப் பலமுறை மறுகையால் நீட்டிவிடட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கை மரத்திருந்தால் சூடான பாத்திரத்தில் கவனம் தேவை. சர்க்கரை நோய் இருந்தால் நரம்பு எளிதில் அழுந்தும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இப்போதைக்கு அறுவை சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டாம். மூன்று, நான்கு மாதமாகியும் அசைவு சிறிதும் திரும்பாவிட்டால் மட்டும் நரம்பு அறுவை நிபுணரைப் பாருங்கள்.