விளையாடி முடிக்காதவரின் தீர்ப்பு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பழைய ஜப்பானிய வீடியோ கேம்களில் விசித்திரமானவற்றையும் அதிகம் பேர் அறியாதவற்றையும் பற்றித் தமிழில் விமர்சனக் காணொளிகள் செய்யத் தொடங்கியிருக்கிறேன். பழைய விளையாட்டுக் கருவியைப் போலவே கணினியை இயங்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருளில்தான் விளையாடுகிறேன். ஜப்பானிய மொழி தெரியாது. கைபேசிக் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து மொழிபெயர்த்துக்கொள்கிறேன். ‘தகேஷி நோ சோசென்ஜோ’, ‘ஹோஷி ஓ மிரு ஹிதோ’ ஆகிய இரண்டையும் பற்றி ஏற்கெனவே பேசிவிட்டேன். இவ்வளவு மோசமான விளையாட்டுகளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து. இவற்றை உருவாக்கிய ஜப்பானியர்களுக்கு மூளை குழம்பிவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. என் கேள்வி: இத்தகைய விளையாட்டுகளுக்கு மதிப்பெண் கொடுக்கலாமா? கொடுப்பதென்றால் எந்த அடிப்படையில்? எந்த மைக் வாங்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில், ஒரு விளையாட்டை அறிந்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம் என்பதைப் பற்றித்தான் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே பதில் நீளும். சில இடங்களில் கடுமையாகவும் இருக்கும். இந்த விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் பேச முன்வந்திருக்கும் மிகச் சிலரில் நீங்களும் ஒருவர். அந்த மகிழ்ச்சி எனக்கு உண்டு. அந்த உரிமையில்தான் கடிந்துகொள்கிறேன்.

மைக் எதுவானாலும் சரி, குரல் தெளிவாகக் கேட்டால் போதும். எமுலேட்டரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அசல் கருவிகளைத் தேடி வாங்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, ஜப்பானிய வீடியோ கேம் இதழான ‘ஃபாமிட்சு’ 1986 முதல் நான்கு விமர்சகர்களைக் கொண்டு, ஆளுக்குப் பத்து வீதம் நாற்பதுக்கு மதிப்பிட்டு வந்திருக்கிறது. சேர்த்துவைத்த காசில் இந்த மாதம் எதை வாங்கலாம் என்று தயங்கி நின்ற சிறுவனுக்கு அந்த எண் உதவியது. இன்று கடையில் இல்லாத ஒரு விளையாட்டுக்கு நீங்கள் கொடுக்கும் எண் யாருக்கு உதவும்? 1996-இல் சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் விளையாட்டுக் கருவிக்கு வந்த ‘டெத் கிரிம்சன்’, ஓர் இதழின் வாசகர் தரவரிசையில் கடைசி இடத்துக்குப் போனது. அந்தக் கடைசி இடமே அதற்கு அன்பர்களைச் சேர்த்தது. அவர்கள் தங்களைக் ‘கிரிம்சனர்’ என்று பெருமையோடு அழைத்துக்கொண்டார்கள். எனவே மதிப்பெண் கொடுக்க விரும்பினால் கொடுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். என் கவலை அதைப் பற்றியதன்று.

உங்கள் கடிதத்தின் இரண்டு வாக்கியங்கள் என்னை வருத்தின. ‘ஜப்பானியர்களுக்கு மூளை குழம்பிவிட்டதோ’ என்பது ஒன்று. தயவுசெய்து இதை இனி எங்கும் சொல்லாதீர்கள். ஜப்பானியர் என்றாலே விசித்திரமானவர்கள் என்று சொல்லி முடித்துக்கொள்வது மேற்கத்திய விமர்சகர்கள் பல காலம் செய்துவந்த சோம்பேறித்தனம். அதைத் தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டிய தேவை நமக்கு இல்லை. நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவியான ஃபாமிகாம் 1983-இல் வந்தது. நீங்கள் சொல்லும் இரண்டு விளையாட்டுகளும் 1986, 1987 ஆண்டுகளைச் சேர்ந்தவை. வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு கதையை எப்படி நடத்துவது, ஆட்டக்காரருக்கு எவ்வளவு சொல்வது, எவ்வளவு மறைப்பது என்பதற்கெல்லாம் அன்று நிலைபெற்ற வழக்கமே இல்லை. வழக்கம் உருவாகாத காலத்தில் செய்யப்பட்ட ஒன்றை, வழக்கம் இறுகிப்போன காலத்திலிருந்து பார்த்து விசித்திரம் என்கிறோம்.

‘தகேஷி நோ சோசென்ஜோ’ அறியாமையால் மோசமாக வந்ததன்று. வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. அன்றே தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்றிருந்த நகைச்சுவைக் கலைஞர் தகேஷி கிதானோவின் யோசனைகளைக் கொண்டு டைட்டோ நிறுவனம் 1986 டிசம்பரில் வெளியிட்டது. நாயகன் ஒரு சாதாரண அலுவலக ஊழியன். புதையல் தீவுக்குப் போக வேண்டுமானால் அவன் வேலையை விட வேண்டும், மனைவியை விவாகரத்து செய்ய வேண்டும், மதுக்கடையில் பாட வேண்டும். பாடுவதற்கு ஃபாமிகாமின் இரண்டாம் கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்த ஒலிவாங்கியைப் பயன்படுத்த வேண்டும். வெறுமையாக இருக்கும் தாளில் வரைபடம் தோன்றுவதற்காக ஒரு மணி நேரம் எந்தப் பொத்தானையும் தொடாமல் காத்திருக்க வேண்டிய கட்டமும் உண்டு. இவ்வளவையும் கடந்து முடித்தவரிடம், இப்படிப்பட்ட விளையாட்டை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று தகேஷியின் முகம் கேட்கிறது. எமுலேட்டரில் நீங்கள் ஒரு விசையைத் தட்டி அந்தப் பாட்டைக் கடந்திருப்பீர்கள். 1986-இல் ஒரு பையன் அதே வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருக்க, கையிலிருந்த கருவியை வாயருகே கொண்டுபோய் உரக்கக் குரல் கொடுத்தான். அந்தக் கூச்சமும் இந்த விளையாட்டின் பகுதிதான். அதைப் பற்றி உங்கள் காணொளியில் ஒரு சொல்லாவது இருக்க வேண்டாமா?

என்னை வருத்திய மற்றொரு வாக்கியம், பத்து நிமிடம் போதும் என்பது. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

‘ஹோஷி ஓ மிரு ஹிதோ’ ஹாட்-பி நிறுவனம் 1987 அக்டோபரில் வெளியிட்ட விளையாட்டு. முதல் பத்து நிமிடத்தில் உங்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை என்னால் சொல்ல முடியும். ஒரு விளக்கமும் இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறீர்கள். பக்கத்திலேயே இருக்கும் முதல் ஊர் திரையில் தெரியவே தெரியாது. பாத்திரம் தாங்க முடியாத மெதுவாக நடக்கிறது. எதிரி வந்தால் தப்பி ஓடும் கட்டளை இல்லை. தவறான கட்டளையைத் தேர்ந்துவிட்டால் திரும்பப் பெறவும் வழியில்லை. இரண்டாவது, மூன்றாவது சண்டையிலேயே இறந்துவிட்டீர்கள். உடனே சிரித்துவிட்டு முடித்துக்கொண்டீர்கள். நீங்கள் சொன்ன குறைகள் அனைத்தும் உண்மை. ஜப்பானிலேயே இதைக் குப்பை விளையாட்டுகளின் வரிசையில் முதன்மையாக வைத்துப் பேசுகிறார்கள். ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று பாருங்கள். அதே 1987-இன் தொடக்கத்தில்தான் ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசையின் இரண்டாம் பகுதி வந்து ஜப்பானைப் பித்துப்பிடிக்க வைத்திருந்தது. வாள், கோட்டை, இளவரசன் என்று மற்றவர்கள் அதன் பின்னே ஓடிக்கொண்டிருந்தபோது, இந்தச் சிறிய நிறுவனம் மனத்தைக் கட்டுப்படுத்தும் கணினி ஆளும் எதிர்கால உலகத்தையும், அமானுஷ்ய ஆற்றல் இருப்பதாலேயே வேட்டையாடப்படும் சிறார்களையும் எடுத்துக்கொண்டது. வேட்டையாடப்படுகிறவர்கள் ஒளிந்து வாழும் ஊர் வெளியாளின் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதை நான் கதையின் தர்க்கமாகவே வாசிக்கிறேன். அதை ஆட்டக்காரருக்கு உணர்த்த ஒரு குறிப்புகூட வைக்காமல் விட்டது செய்தவர்களின் பெருங்குறை. இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்வதற்குப் பெயர்தான் விமர்சனம். அந்த உலகம் உண்மையில் எப்படிப்பட்டது என்பது கடைசியில்தான் வெளிப்படுகிறது. அதை இங்கே எழுதி உங்கள் அனுபவத்தைக் கெடுக்க மாட்டேன். ஆனால் அதை அறியாமல் இந்த விளையாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர், அதன் பொருளையே அறியாமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். நான் இதை முடித்திருக்கிறேன், தொடர்வதற்கான கடவுச்சொற்களைத் தாளில் எழுதி எழுதி. பாதி வழியில் எரிச்சல் போய்விட்டது. அதன் இடத்தில், இவ்வளவு பெரிய கற்பனை இவ்வளவு பழுதான உடலுக்குள் மாட்டிக்கொண்டதே என்ற துக்கம் வந்துவிட்டது. அந்தத் துக்கத்தைப் பத்து நிமிடத்தில் யாராலும் அடைய முடியாது. இதை நேசித்த சிலர் பிற்காலத்தில் தாங்களாகவே திருத்தி, கணினிக்கு இலவச மறு ஆக்கம் ஒன்றைச் செய்தார்கள். 2020-இல் நின்டெண்டோ ஸ்விட்சிலும் இது மறுவெளியீடு கண்டது. வெறும் குப்பைக்கு இவ்வளவு உழைப்பை யாரும் செலவிட மாட்டார்கள்.

கைபேசிக் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபாமிகாம் காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை நினைவகம் போதாமல் ஜப்பானியரின் ஒலியெழுத்தான கானாவை மட்டுமே கொண்டு வசனத்தை எழுதின. புள்ளிப் புள்ளியான அந்த எழுத்தைக் கேமரா தப்பும் தவறுமாகத்தான் வாசிக்கும். அது உளறியதை விளையாட்டின் உளறல் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பே இருக்கிறது, தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

எழுத்துப் புரியாமல் விளையாடியதைப் பற்றி எனக்கும் சொல்ல உண்டு. தொண்ணூறுகளில் நம் ஊர்களில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்ற பெட்டிகளில் மிகப்பல ஃபாமிகாமின் நகல்கள். ஆகவே ஜப்பானியக் கேசட்டுகள் அவற்றில் அப்படியே பொருந்தின. எங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. கேசட்டோடு கையேடு வராது. திரையில் வரும் எழுத்து ஒன்றும் விளங்காது. ஆனாலும் விளையாடினோம், ஏனென்றால் நாங்கள் தனியாக இல்லை. எந்தக் கல்லை உடைத்தால் எது வெளிவரும், எந்தக் கட்டத்தில் எங்கே நின்றால் உயிர் கூடும் என்பதையெல்லாம் பெரிய அண்ணன்கள் சிறியவர்களுக்குச் சொன்னார்கள். ஒருவர் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் படம் போட்டே குறித்து வைத்திருந்தார். அவர் ஊருக்குப் போயிருந்த கோடை விடுமுறையில் அந்த நோட்டு இல்லாமல் நாங்கள் ஒரே கட்டத்தில் சிக்கிக் கிடந்தோம்.

ஜப்பானிலும் இப்படித்தான் நடந்தது என்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. காசு போட்டு ஆடும் அரங்குகளுக்காக 1984-இல் நாம்கோ வெளியிட்ட ‘த டவர் ஆஃப் ட்ருவாகா’வை மசநோபு எண்டோ வடிவமைத்தார். அறுபது மாடிகள். ஏறத்தாழ ஒவ்வொரு மாடியிலும் ஒரு புதையல். அது வெளிப்படுவதற்கு ஒரு ரகசியச் செயலைச் செய்தாக வேண்டும். அது என்ன செயல் என்று விளையாட்டு சொல்லாது. சில புதையல்களைத் தவறவிட்டால் கதையை முடிக்கவே முடியாது. தனியொருவர் காசைப் போட்டுப் போட்டுக் கண்டுபிடிப்பது நடவாத காரியம். விளையாட்டு அரங்குகளில் நோட்டுப்புத்தகங்கள் வைக்கப்பட்டன. ஒருவர் கண்டதை எழுதினார், அடுத்தவர் அதைப் படித்து மேலே ஏறினார். அந்த நோட்டு இல்லாமல், நள்ளிரவில் தனி அறையில் எமுலேட்டரில் ட்ருவாகாவைத் திறந்து, ‘இதில் ஒரு தர்க்கமும் இல்லை’ என்று சொல்கிறவர் விளையாட்டின் பாதியைத்தான் பார்க்கிறார். மறுபாதி கையேட்டிலும் மாத இதழ்களிலும் பள்ளி மைதானத்துப் பேச்சிலும் இருந்தது. அந்த மறுபாதியைத் தேடிச் சேர்ப்பதுதான் பழைய விளையாட்டை விமர்சிப்பவரின் வேலை, அவருக்கு வேறு வேலையே இல்லை என்றுகூடச் சொல்வேன். இதைச் செய்யாதவர் எத்தனை கேலிப் படங்களை ஒட்டினாலும் நான் அவரை விமர்சகர் என்று ஏற்க மாட்டேன்.

பத்து நிமிடம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘எல்எஸ்டி’ நினைவுக்கு வந்தது. ஓவியரும் இசைக்கலைஞருமான ஒசாமு சாதோ அதை உருவாக்கினார். வெளியிட்ட நிறுவனத்தின் ஊழியர் ஹிரோகோ நிஷிகாவா ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த கனவு நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒரு கனவு அதிகபட்சம் பத்து நிமிடம்தான் நீடிக்கும். வெற்றி, தோல்வி எதுவும் இல்லை. நடக்கிறீர்கள், ஒரு சுவரையோ மனிதரையோ தொட்டால் வேறோர் இடத்தில் இருக்கிறீர்கள். ஆனால் அங்கே நாட்கள் 365. நாள் ஏற ஏற, முன்பு பார்த்த அதே தெருவின் சுவர்கள் வேறு முகம் கொள்கின்றன. முதல் நாள் பார்த்தவர் வெறும் கோணல் படங்களைத்தான் பார்க்கிறார். பழகிய இடம் அந்நியமாகும் அச்சம் நெடுநாள் சென்றவருக்கே கிடைக்கிறது.

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த விளையாட்டுக்கு வருகிறேன். ஜப்பானிய விளையாட்டு வடிவமைப்பாளர் கெஞ்ஜி எனோ 1996-இல் ‘எனிமி ஸீரோ’ என்ற விளையாட்டைச் செய்தார். அதில் எதிரிகள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், ஒலியைக் கொண்டுதான் அவர்கள் இருக்குமிடத்தை அறிய வேண்டும். பார்வையற்றவர்கள் சிலர் வீடியோ கேம்களை ஒலியை மட்டுமே நம்பித் திரும்பத் திரும்ப விளையாடுகிறார்கள் என்பதை அவர் அறிந்தார். 1997-இல் அவர்களுக்காகவே ‘கஸே நோ ரிக்ரெட்’ என்ற விளையாட்டை உருவாக்கினார். அதில் படமே இல்லை. குரல்களும் இசையும் சூழலின் ஓசைகளும் மட்டும். முடிவெடுக்க வேண்டிய தருணத்தில் ஒரு மணியோசை கேட்கும். திசைப் பொத்தானால் பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பெட்டிக்குள் பிரெய்ல் எழுத்தில் வழிமுறைத் தாள் வைக்கப்பட்டிருந்தது. பார்வையற்றோருக்கு ஆயிரம் சாட்டர்ன் கருவிகளை நன்கொடையாகத் தர வேண்டும் என்று சேகாவிடம் பேசி இசையவைத்து, அவற்றோடு சேர ஆயிரம் பிரதிகளைத் தாம் கொடுத்தார். 2013-இல், நாற்பத்திரண்டு வயதில், எனோ இறந்துவிட்டார். ‘திரையே இல்லாத விசித்திர ஜப்பானிய கேம்’ என்ற தலைப்பில் இதைப் பற்றி ஒரு காணொளி வருவதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. யாரையும் திடுக்கிட வைப்பதற்காக அவர் திரையை அணைக்கவில்லை. அந்தத் திரையால் விலக்கப்பட்டவர்களைச் சமமாக உட்கார வைப்பதற்காக அணைத்தார்.

அடுத்து இதை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசிக் கேமரா இங்கே உதவாது. வாசிக்க எழுத்தே கிடையாது. ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அருகே அமர்த்திக்கொண்டு, இறுதிவரை கேளுங்கள். காணொளியில் ‘இங்கே பாருங்கள்’ என்று சொல்லிக் கடந்துபோகாமல், பார்வையற்ற ஒருவர் கேட்டாலும் எல்லாம் விளங்கும்படி வாயால் சொல்லுங்கள். வெளியிடுவதற்கு முன் அப்படி ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லி, அவர் எங்கே தடுமாறினார் என்று விசாரித்துத் திருத்துங்கள். ‘ஹோஷி ஓ மிரு ஹிதோ’வை முடித்துவிட்டு, அதன் பழைய காணொளியை நீக்கிப் புதியதைப் போடுங்கள். போட்டதும் எனக்கு எழுதுங்கள். முழுவதும் பார்த்துவிட்டு நிச்சயம் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.