கூட்டத்தில் மகள் மட்டும் தெரிவது எப்படி?

கேள்வி: மாலையில் பள்ளி விடும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே சீருடையில்தான் வருகிறார்கள். ஆனாலும் என் மகள் மட்டும் சட்டென்று கண்ணில் படுகிறாள். சில நாள் வேறு பிள்ளையை அவள் என்றே நினைத்துக் கையும் ஆட்டிவிடுகிறேன். ஏன் இப்படி? – ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அம்மா. கண் கொடுப்பதை மூளை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. யாரைத் தேடுகிறோம், எந்தப் பக்கம் வருவாள் என்பதை முன்கூட்டியே பார்வைப் பகுதிக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறது. அதில் மூளையின் மின் அலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் பல வருடம் ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை, எடுத்தவன். தலையில் பசை தடவி, ஒயர்களை ஒட்டி, "கண்ணை மூடுங்க" என்பேன். பெரும்பாலோருக்குப் பின்மண்டை ஒயர்களில் நொடிக்குப் பத்து முறை போல அலை எழும்பும். "திறங்க" என்றதும் அடங்கிவிடும். எத்தனை பேருக்கு எடுத்தாலும் அந்த நொடி எனக்கு அலுத்ததே இல்லை. ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் உலகுக்குச் சொன்ன ஆல்ஃபா அலை இதுதான்.

மூளை சும்மா இருக்கும்போது வரும் அலை என்றுதான் நெடுங்காலம் இதைச் சொல்லிவந்தார்கள். அந்த விளக்கம் போதாது. கண்ணை அசைக்காமல் ஒரு திரையின் இடப்பக்கம் மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கும் மூளையின் வலது பின்பகுதியில் ஆல்ஃபா குறையும், இடதில் கூடும். அதுவும் திரையில் படம் வருவதற்கு முன்பே! வேண்டாத பக்கத்தை அது அடக்கிவைக்கிறது என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

அப்புறம், குரங்குகளின் மூளையில் நேரடியாக அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கண்ணிலிருந்து மேலே ஏறும் செய்தியில் பெரும்பாலும் வேகமான காமா அலை ஓங்குகிறது. மூளையின் மேல்நிலைப் பகுதிகளிலிருந்து பார்வைப் பகுதிக்குக் கீழே இறங்கும் செய்தியில், அதாவது எதிர்பார்ப்பில், ஆல்ஃபா, பீட்டா போன்ற மெதுவான அலைகள்.

நீங்கள் வாசலில் நிற்கும்போதே ரெட்டைச் சடை, பையின் நிறம், நடை எல்லாம் கீழே இறங்கிவிட்டன. அதற்கு ஒத்துவரும் உருவம் மற்றவர்களை முந்திக்கொள்கிறது. தூரம் கூடி வெளிச்சம் குறைந்தால் கண் தரும் தகவல் மெலிந்துவிடும், எதிர்பார்ப்பின் கை ஓங்கும். அதே உயரமும் அதே சடையும் போதும், கை தானாக உயர்ந்துவிடும்.

எந்த வாசல் வழியாக வருவாள் என்று தெரியாத நாளில் கவனித்துப் பாருங்கள். அவளைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.