காதைக் காட்டாமல் திமிறும் பிள்ளையை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது. சளி பிடித்தால் கூடவே காது வலியும் வந்துவிடுகிறது. டாக்டர் காதுக்குள் பார்க்கப் போனாலே தலையை ஆட்டி அலறுகிறான். என்னைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எப்படிப் பிடிப்பது?

பதில்: மடியிலேயே வைத்துப் பார்க்கலாம். மல்லாக்கப் படுக்க வைத்தால் இந்த வயதுப் பிள்ளைகள் இன்னும் மிரளுவார்கள்.

அவனைப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். பார்க்க வேண்டிய காது டாக்டர் பக்கம், மற்றக் காது உங்கள் மார்பில். அவன் கால்களை உங்கள் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கையால் அவன் கைகள் இரண்டையும் சேர்த்து அணையுங்கள். மற்றக் கையை நெற்றிப் பக்கம் வைத்துத் தலையை மார்போடு அழுத்திக்கொள்ளுங்கள். பல பெற்றோர் கையைக் கெட்டியாகப் பிடித்துவிட்டுத் தலையைக் கோட்டை விடுகிறார்கள். அசையக் கூடாதது தலைதான். காதுக்குழாயின் உட்பகுதியில் எலும்பை ஒட்டி மிக மெல்லிய தோல்தான் இருக்கிறது. கருவி லேசாக இடித்தாலே சுள்ளென்று வலிக்கும், ரத்தம்கூடக் கசியலாம். அதனால் இறுக்கிப் பிடிக்கிறோமே என்று சங்கடப்படாதீர்கள். அரைகுறையாகப் பிடிப்பதுதான் அவனுக்குக் கஷ்டம்.

டாக்டர் காது மடலைப் பின்பக்கமாகக் கீழே இழுப்பார். வளைந்த குழாயை நேராக்கத்தான் அது. (பெரியவர்களுக்கு மேலே இழுக்க வேண்டும்.) கருவி பிடித்த கையை அவன் கன்னத்தில் ஊன்றிக்கொள்வார், பிள்ளை திடீரென்று அசைந்தால் கருவியும் கூடவே நகரும், உள்ளே குத்தாது.

வலியில்லாத காதை முதலில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "அழுதா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்ற மிரட்டல் மட்டும் வேண்டவே வேண்டாம். வீறிட்டு அழுதாலே செவிப்பறை சிவந்துவிடும். ஆகவே சிவப்பை மட்டும் பார்த்து உள்ளே சீழ் என்று முடிவு கட்ட முடியாது. செவிப்பறை வெளிப்பக்கம் புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிள்ளை கொஞ்ச நேரமாவது அமைதியாக இருந்தால் நல்லது.

அப்புறம், குறும்பியை எடுத்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் பட்ஸ் போடாதீர்கள், அது உள்ளேதான் தள்ளும். எண்ணெயும் விட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்விடும்.

காதுக்குப் பின்னால் வீங்கி, மடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.