1698 பிழை: ரூட் உள்ளே விடவில்லை, எடைமேடை கணினியும் இணையவில்லை

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையில் உபுண்டு சர்வரில் மைஎஸ்கியூஎல் 8 தரவுத்தளம் போட்டீர்கள், ரூட் (தலைமைப் பயனர்) கடவுச்சொல் கொடுத்தால் 1698 பிழை (அனுமதி மறுப்பு), எடைமேடை கணினியிலிருந்து 2003 பிழை (சர்வரோடு இணைய முடியவில்லை), மூன்று முறை அழித்து நிறுவியும் அதேதான் என்கிறீர்கள். நான்காம் முறை வேண்டாம். நிறுவியதில் கோளாறே இல்லை.

1698 வருவது கடவுச்சொல் தப்பு என்பதால் அல்ல. உபுண்டுவில் ரூட்டுக்குக் கடவுச்சொல்லே பார்ப்பதில்லை, லினக்ஸ் பயனர் யார் என்றுதான் பார்க்கும். சூடோ (நிர்வாகி உரிமையோடு இயக்கும் கட்டளை) போட்டு மைஎஸ்கியூஎல்லைத் திறங்கள், நேராக உள்ளே போகும். ரூட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

2003 வேறு கதை. சர்வர் 127.0.0.1 முகவரியில், அதாவது தனக்குள்ளிருந்து வரும் இணைப்புக்கு மட்டும் காது கொடுக்கிறது. மைஎஸ்கியூஎல்டி அமைப்புக் கோப்பில் பைண்ட் அட்ரஸ் வரியில் சர்வரின் உள் முகவரியைப் போட்டு, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். ஃபயர்வாலில் 3306 போர்ட்டை (மைஎஸ்கியூஎல்லின் வாசல்) எடைமேடை கணினிக்கு மட்டும் திறந்தால் போதும். சீசன் நெருக்கடியில் ரவுட்டரிலும் திறந்துவிடாதீர்கள்!

அப்புறம் 1130 பிழை (இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை) வரலாம். பயப்படாதீர்கள், அது முன்னேற்றம்தான்: கதவுவரை வந்துவிட்டீர்கள், பட்டியலில் உங்கள் கணினி இல்லை, அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல்லில் பெயரும் வரும் இடமும் சேர்ந்துதான் ஒரு பயனர். லோக்கல்ஹோஸ்டில் (அந்த சர்வரிலேயே) உள்ள 'எடை'யும் 192.168.1.20-லிருந்து வரும் 'எடை'யும் இரண்டு பேர். முதலில் கிரியேட் யூசர் கட்டளையால் பயனரை உருவாக்குங்கள், பிறகு கிராண்ட் கட்டளையால் உரிமை கொடுங்கள். பழைய பதிப்பில் கிராண்ட் மட்டும் போதும், 8-ல் அது பயனரை உருவாக்காது. நானே இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன்.

இதற்குப் பிறகும் 2003 வந்தால் பிழையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை எழுதுங்கள், பார்ப்போம்.